மடியில் ஃபைட்டர் மீனோடு வாழப்பாடியிலிருந்து நாமக்கல் வரை

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வாங்குவதற்காக நாமக்கல்லிலிருந்து வாழப்பாடி போய் வந்தேன். போக வர நூற்றெழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. மீன் கடை நாமக்கல்லில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கடையில் இருப்பது பெரும்பாலும் வயதான ஆண் மீன். பார்க்க அழகாக இருக்கும், குஞ்சு எடுக்க உதவாது. நாலைந்து மாத வயதில், பெண் மீனோடு சேர்த்து வேண்டும் என்றால் வளர்ப்பவரிடமே போவதுதான் சரி.

மீன் கேட்டது என் மனைவி கோமதி. அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருடம் ஐந்தாவது மாதத்தில் ஒன்று தங்காமல் போய்விட்டது. நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் முதலில் கேட்டது ஒரு ஜோடிக் கிளி. நான் வேலை செய்வது முட்டைக் கோழிப் பண்ணையில். நோய் தொற்றும் என்பதால் வீட்டில் எந்தப் பறவையும் வளர்க்கக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவள் ஃபோனில் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் ஃபைட்டர் மீன். ஆண் மீன் வாயால் நுரை விட்டுக் கூடு கட்டுமாம், முட்டையை அதுதான் காவல் காக்குமாம். "அதைப் பாக்கோணும் மாமா" என்றாள்.

செத்துப்போனால்? அதுவும் அவள் கண் முன்னால்? நான் சாதாரணமாகவே பயந்த சுபாவம். மாட்டேன் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம். சரி என்றே சொன்னேன்.

காலை 7.10க்கு நாமக்கல் பஸ் நிலையத்தில் ஏறினேன். பைக்கை ஸ்டாண்டில் விட 15 ரூபாய். சேலம் புதிய பஸ் நிலையத்துக்கு 8.40. அங்கிருந்து ஆத்தூர் பஸ், வாழப்பாடியில் இறங்கும்போது 9.55. இறங்கி பாக்குத் தோப்புகளை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். ஆட்டோக்காரர் 60 ரூபாய் கேட்டார். போகும்போது கை வீசிக்கொண்டு போனால் போதும், திரும்பும்போது அந்த 60ஐத் தயங்காமல் கொடுங்கள்.

மீன் வளர்ப்பவரை ஜெயசீலி அக்கா என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரைப் போட வேண்டாம் என்றார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தையல்தான் அவருக்குத் தொழில். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பில் வரிசை வரிசையாகப் பிராந்தி பாட்டில்கள், கழுத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒரு ஆண் மீன். பாட்டில்களுக்கு நடுவில் அட்டை. அட்டையை எடுத்தால் இரண்டும் கண்ணாடியில் மோதிச் சண்டைக்கு நிற்கும்.

"பாட்டிலைப் பாத்து எங்க சாமியாரே ஒரு தடவ திகைச்சுட்டாரு" என்று சிரித்தார். "நீங்க ஏன் தம்பி இப்படி வேர்த்து நிக்கிறீங்க? நீங்க மீன் வாங்க வந்தீங்களா, ஆபரேசனுக்கு வந்தீங்களா?"

ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆணும் பெண்ணும் வாங்கிய அன்றே சேர்க்கக் கூடாது. பத்து நாள் தனித்தனியாக வைத்து நன்றாகத் தீனி போட வேண்டும். குஞ்சு எடுக்கும் தொட்டியில் ஆறு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். காய்ந்த பாதாம் மர இலை ஒன்று போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், மீனுக்கு அது இதமானது. டீக்கடைத் தெர்மாக்கோல் கப்பைப் பாதியாக வெட்டி மிதக்க விட்டால் அதன் அடியில் ஆண் கூடு கட்டும். பெண்ணை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் விட்டு முதலில் காட்ட மட்டும் செய்ய வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "செத்துருமாங்க?" நாலாவது முறை கேட்டதும் அவர் பையை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

நீல ஆண் 250 ரூபாய், வெளிர் நீலப் பெண் 120, இலை ஒரு கட்டு 30. இரண்டு பைகள், பைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. ஒன்றை ஒன்று பார்க்காதபடி செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தார். "பைத் தண்ணிய மட்டும் கீழ கொட்டிடாதீங்க, ஒரு நாள் வச்சிருங்க" என்றார்.

திரும்பும் பயணம்தான் சோதனை. 11.50க்கு வாழப்பாடியில் ஏறினேன். டிரைவருக்குப் பின் சீட்டில் இன்ஜின் சூடு, கடைசி சீட்டில் குலுக்கல், ஜன்னலோரம் வெயில். நடுவில், நடைபாதையை ஒட்டி உட்காருங்கள். சேலத்தில் நாமக்கல் வண்டி மாறி 1.20க்குக் கிளம்பியபோது ஸ்பீக்கரில் பாட்டு அதிர்ந்தது. பைக்குள் தண்ணீர் நடுங்குவது என் தொடையில் தெரிந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என் மடியைப் பார்த்தார்.

"ஏனுங்க, முட்டைங்களா?"

"மீனுங்க. உசுரு மீன்."

"அதானே பாத்தேன். நாமக்கல்லுக்கே முட்டை கொண்டு போறாரே மனுசன்னு நெனச்சேன்" என்றவர், முன்னால் போய்ப் பாட்டைக் குறைக்கச் சொன்னார். அவருக்குப் புண்ணியம்.

ராசிபுரம் பிரிவு தாண்டும்போது கோமதி கூப்பிட்டாள். "மீனு எப்படி இருக்குது மாமா?" நான் அதுவரை தாளைப் பிரித்துப் பார்க்கவே இல்லை, பார்க்கத் தைரியம் இல்லை. "சூப்பரா நீந்துது" என்றேன். ஃபோனை வைத்த பிறகு தாளை விலக்கினேன். ஆண் அடியில் அசையாமல் கிடந்தது. விரலால் தட்டினேன். செவுள் மெதுவாக அசைந்தது. நாமக்கல் வரும்வரை அந்தச் செவுளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

2.50க்கு இறங்கி, பைக்கில் நாலு கிலோமீட்டர், 3.15க்கு வீடு. அதற்கப்புறம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. படிக்கிறவர்களில் யாராவது பண்ணைக்காரர்கள் இருந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பண்ணைக்குள் எது நுழைந்தாலும் கிருமிநாசினி அடிக்காமல் விட மாட்டோம். லாரி டயர், செருப்பு, தீவன வாளி, முட்டை அட்டை, எல்லாவற்றுக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம். மீனுக்கு நோய் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில், முந்தின நாளே அந்த மருந்தில் கொஞ்சம் கொண்டு வந்து தொட்டியைக் கழுவி, தொட்டியின் அடியில் போடும் கூழாங்கற்களை ராத்திரி முழுக்க அதிலேயே ஊறப்போட்டிருந்தேன். காலையில் ஒரு முறை அலசி, தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம் என்று எனக்குள் பெருமை வேறு.

தொட்டி கோமதியின் கட்டிலுக்கு எதிரே. இரண்டு பைகளையும் அரை மணி நேரம் மிதக்க விட்டு, ஆணைத் தொட்டியில் விட்டேன். துடுப்பை ஒரு முறை விரித்தது. கோமதி கை தட்டினாள். ஐந்து நிமிடத்தில் அது மேலே வந்து வாயைப் பிளந்தது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீலம் வெளுத்து சாம்பலாகிக்கொண்டே வந்தது.

"தூங்குது போல" என்றேன்.

"மாமா" என்றாள் கோமதி. "போன தடவை ஸ்கேன்ல துடிப்பு இல்லைன்னு மத்தியானமே உங்ககிட்டச் சொல்லிட்டாங்க. மெஷினு ரிப்பேர்ன்னு சொல்லிச் சாயங்காலம் வரைக்கும் என்னைய உக்கார வச்சிருந்தீங்க. இந்த மீனுக்கும் அப்படிச் சொல்லாதீங்க."

அவளுக்கு அது தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஜெயசீலி அக்காவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன், அவளும் கேட்கட்டும் என்று.

"தொட்டிய எதுல கழுவுனீங்க?" சொன்னேன். "ஐயையோ. கோழிக்கு அடிக்கிற மருந்தா? கல்லு அதைக் குடிச்சு வச்சிருக்குமே தம்பி. உடனே எடுங்க. பைத் தண்ணி இருக்குதில்ல?"

இருந்தது. சோப்பு படாத எவர்சில்வர் போசியில் அந்தத் தண்ணீரை ஊற்றி ஆணைக் கையால் அள்ளிப் போட்டேன். பெண் இன்னும் அதன் பையிலேயே மிதந்துகொண்டிருந்தது, பிழைத்தது. போசியைக் கோமதியின் கட்டிலிலேயே வைத்தேன். இருட்டும் வரை இரண்டு பேரும் அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறரை மணிக்கு ஆண் நிமிர்ந்தது. வால் ஓரம் கிழிந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தொட்டியை வெறும் தண்ணீரும் கல் உப்பும் போட்டுத் தேய்த்தால் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் இரண்டு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் போய்விடும். முதல் முறைக்குக் கல்லே வேண்டாம், முட்டை அதில் விழுந்தால் ஆணால் தேட முடியாது. முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் கடித்தே கொன்றுவிடும். குஞ்சு ஒன்றரை இரண்டு நாளில் பொரிக்கும், அதற்கப்புறம் இரண்டு மூன்று நாளில் நேராக நீந்தும். அப்போது ஆணையும் எடுத்துவிட வேண்டும். பயணத்துக்கு வெயில் தணிந்த மாதத்தைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, எங்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

கல்லை வீசிவிட்டேன், தொட்டி புதிதாக வாங்கினேன். மூன்று வாரம் கழித்து ஜோடி சேர்த்தோம். போன வியாழக்கிழமை கப்புக்கு அடியில் நுரைக் கூடு, அதில் கடுகை விடச் சிறிதாய் முட்டைகள். ஆண் கீழே விழுவதை எல்லாம் வாயில் பிடித்துக் கொண்டுபோய் வைத்தது. கோமதி அன்றைக்கு மத்தியானம் தூங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பண்ணைக்குக் கிளம்பும் முன் பார்த்தேன். நிறைய முட்டைகள் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தன. ஆண் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், சும்மா சட்டைப் பொத்தானைப் போடுகிற மாதிரி. வாய்வரை வந்தது, எல்லாம் நல்லா இருக்குது என்று. பொத்தானை இரண்டு முறை கழற்றிப் போட்டேன்.

"கோமதி, பாதி முட்டை கெட்டுப் போச்சு. அதையே அது தின்னுட்டு இருக்குது."

"தெரியும். விடிஞ்சதுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்" என்றாள். "கெட்டதத்தான் திங்குது. தள்ளி நில்லுங்க, மீதி எத்தனைன்னு எண்ணோணும்."

தள்ளி நிற்கவில்லை, கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் அவளுக்குத் தேதி. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். இந்த ஒரு வருடத்தில் அதை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்" என்றாள்.