ஹர்த்தால் நாளில் முப்பத்திரண்டு கிலோமீட்டர்

திருவனந்தபுரத்தில் ஹர்த்தால் என்றால் முதல் நாள் மாலையே கோழிக்கடையில் வரிசை நிற்கும். மறுநாள் ஊரே வீட்டுக்குள் படுத்துக் கிடக்கும். நானோ அந்தத் தேதி எப்போது வரும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அன்றைக்குப் பஸ் ஓடாது. எனக்கு வேண்டியது அதுதான்.

மாரத்தானுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஒரு முறையாவது முப்பத்திரண்டு கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓடிவிட வேண்டும். கரமனையிலிருந்து நெய்யாற்றின்கரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஏற்கெனவே இரண்டு முறை கிளம்பியிருந்தேன். இரண்டு முறையும் திரும்பி வரும்போது பாலராமபுரத்தில் கொஞ்சம் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. உட்கார்ந்தேன். கிழக்கேகோட்டை போர்டு மாட்டிய பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இப்படி நினைத்த இடத்தில் பஸ் கிடைக்கிற சாலையில் என்னைப் போன்றவள் மாரத்தானுக்குத் தயாராவது கஷ்டம்.

என்னைப் போன்றவள் என்றால், வீணை ஆறு மாதம், ஹிந்தி இரண்டு பரீட்சை, ஸ்கூட்டர் லைசென்ஸ் எட்டுப் போடும் வரை. என் கணவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதே இல்லை. 'ஆரம்ப சூரி' என்று சொல்லிச் சிரிப்பார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை, பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். ஐம்பது வயதை நெருங்குகிறேன், ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்குள் ஏறியிருந்தது. இந்த முறையும் பாதியில் நின்றால் மாரத்தானுக்குப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

"நாளைக்கு ஒரு பஸ்சும் ஓடாதாக்கும், கேட்டியா?" என்றார் அவர். "வழியில முடியலேன்னா என்ன பண்ணுவாய்?"

"பஸ் ஓடாதுன்னுதான் நாளைக்குப் போறேன்."

"செரி, ஒரு ஃபோன் பண்ணு. நான் ஸ்கூட்டர்ல வரேன்."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பினேன். ஃபோனை வேண்டுமென்றே மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அந்த நெடுஞ்சாலையை அவ்வளவு காலியாக நான் பார்த்ததில்லை. பாப்பனங்கோடு, நேமம் எல்லாம் நடுரோட்டில் ஓடிக் கடந்தேன். நாய்கள்கூட அவசரமில்லாமல் படுத்திருந்தன. பாலராமபுரம் வந்தபோது தாகம் எடுத்தது. வழக்கமாக நான் பாட்டில் எடுத்துப் போவதில்லை. இடுப்புப் பையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, வழியில் நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ், வாங்கிக் குடிப்பேன். அன்றைக்கும் நோட்டு பத்திரமாக இருந்தது. கடைகள்தான் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. பஸ் இருக்காது என்று அவ்வளவு சாமர்த்தியமாக யோசித்த மூளைக்குக் கடையும் இருக்காது என்று தோன்றவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஓடினேன்.

நெய்யாற்றின்கரையில் திரும்பும்போது உதடு ஒட்டிக்கொண்டது. வெயிலும் ஏறிவிட்டது. மறுபடி பாலராமபுரம் வந்தபோது, நான் இரண்டு முறை உட்கார்ந்த அதே நிறுத்தத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில்.

"கடை ஒண்ணும் தொறந்திருக்காதேன்னு காப்பி குடிக்கறச்சேதான் ஓர்மை வந்துது" என்றார். "மூஞ்சி செவந்து கெடக்கு. போரும், ஏறிக்கோ."

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் விடவில்லை, ஸ்கூட்டரை மெல்ல ஓட்டியபடி கூடவே வந்தார். ஒவ்வொரு முக்கிலும் "ஏறிக்கோயேன்" என்றார். பஸ்சாவது வந்து போய்விடும், இது போகவே போகாது. நேமத்தில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தபோது பக்கத்தில் இருந்த ஸ்கூட்டரின் பின்சீட்டைப் பார்த்தேன். அவ்வளவு ஆசையாக நான் எதையும் பார்த்ததில்லை. நின்று காலை நீவிக்கொண்டேன். ஆனால் உட்காரவில்லை. நொண்டியபடி மறுபடி ஓடத் தொடங்கினேன்.

பாப்பனங்கோட்டில் கொடியோடு பத்துப் பதினைந்து பேர் சாலையை மறித்து நின்றார்கள். ஒருவர் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

"ஹர்த்தாலாணு சேட்டா. வண்டி ஓடிக்கான் பற்றில்ல. தள்ளிக்கொண்டு போய்க்கோ."

என் கணவர் என்னைக் காட்டி மலையாளத்தில் ஏதோ விளக்கப் பார்த்தார். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேச்சி ஓடிக்கோ, ஓடுன்னதினு குழப்பமில்ல" என்று வழிவிட்டார். ஓடுவதற்குத் தடையில்லையாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எந்தக் கட்சி அழைத்த ஹர்த்தாலோ, அன்றைக்கு அது என் கட்சி.

அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் என்னோடு சேர்ந்து ஓடப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "ஒரு நிமிஷம் நில்லேன். உக்காந்துட்டுப் போலாம்" என்றார்.

"நீங்க மெதுவா வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது கால் என்னுடையதாகவே இல்லை. எங்கள் தெருவுக்குள் திரும்பி, வீட்டு வாசலில் கையை வைத்துத் தொட்டேன். முப்பத்திரண்டு. தெருவில் ஒருவரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது, சாவி அவரிடம்.

படியில் உட்கார்ந்திருக்கலாம். இனி என்னை யாரும் கேட்க முடியாது. ஆனால் எனக்கு உடனே அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. திரும்பி, வந்த வழியே மறுபடி ஓடினேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சட்டையெல்லாம் நனைந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவர், நான் எதிரே ஓடி வருவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன, முடியலியா?"

"முடிஞ்சுது" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னதே இல்லை என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை நடுச்சாலையில் ஸ்டாண்ட் போட்டுவிட்டு என்னருகே வந்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.