கோப்பில் இல்லாத படம்

லீட்ஸ் நகரில் பதினாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஜனீன் ஆக்ராய்ட், நாற்பத்திரண்டாம் வயதில் ஓவியச் சிகிச்சை படிக்கப் போனாள். மற்றவர் மனதைத் தொடும் முன் தன் மனதை ஒருவரிடம் திறந்து காட்ட வேண்டும் என்பது அந்தப் படிப்பின் விதி. அதற்காக வாரம் ஒரு மணி நேரம் உனா ஃபீனி என்ற சிகிச்சையாளரிடம் போனாள். மழை, மாமியார், முதுகுவலி என்று பேசியே ஏழு மாதம் ஓட்டிவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கும் முதுகுவலியா?" என்றாள் உனா.

"திருடிட்டேன்."

ஜனீன் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் கெய்லி என்று ஏழு வயதுப் பெண். அவள் வரைந்த படம் கோப்பில் இருக்க வேண்டியது. ஜனீனின் பையில் இருந்தது. மேசைக்கடியில் ஒரு சிறுமி, பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ்.

"என் படம் எங்க மிஸ்னு கேட்டா. தெரியலையேன்னேன். அவளும் என்கூட அலமாரியெல்லாம் தேடினா."

"ஏன் எடுத்தீங்க?"

"பாத்துடக் கூடாதுன்னு."

"யாரு?"

"எங்கப்பா. செத்து ஒன்பது வருஷமாச்சு."

பிறகு, கணவனிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்: அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் மேசைக்கடியில் மூச்சை அடக்கிக் கிடந்ததை, அம்மாவின் குரல் சட்டென்று நின்றுபோவதை.

உனா அவளை அழவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கெய்லி படத்த யாராவது பாத்தாகணும்ல?"

"சொன்னா என்னைப் படிப்புலேந்து தூக்கிடுவாங்க."

"தூக்கலாம். இல்லேன்னு நான் சொல்லமாட்டேன்."

வெளியே வந்த ஜனீன் மாடிப்படியிலேயே நின்று, பயிற்சியை மேற்பார்வையிடும் மால்கமுக்குப் போன் செய்தாள். இரண்டு முறை எண் தப்பியது.

மறுநாள் பள்ளி, குழந்தைகள் நலத்துறைக்குத் தகவல் சொன்னது. மால்கம் பக்கத்தில் இருக்க, ஜனீன் கெய்லியிடம் படத்தை நீட்டினாள்.

"நான்தான் எடுத்தேன் கெய்லி. எடுத்துட்டு உன்கிட்ட பொய்யும் சொன்னேன். தப்பு என்னோடது."

கெய்லி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மடிச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் கெய்லியை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனீனைப் படிப்பிலிருந்து ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். அந்த வருடம் முழுக்க, விதி கேட்காதபோதும், செவ்வாய் தவறாமல் உனாவிடம் போய்வந்தாள்.