கற்றாழைக்குப் பின்னால் கறுப்பையா ஆர்ட்ஸ்

தங்கையின் மகள் கொழும்பில் கிராபிக் டிசைன் படிக்கிறாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் தனக்கென்று ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு அட்டை எல்லாம் செய்து ஊருக்குக் காட்டிவிட வேண்டுமாம். முந்தாநாள் வவுனியாவுக்கு வந்தவள் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, தான் வரைந்த சின்னத்தைக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. "பெரியம்மா, நீங்கள் படிக்கேக்க என்ன பேர் வச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவம், அவள் மேல் இல்லை. தேத்தண்ணீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய், சீனிக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன்.

வன்னியில் அந்தக் காலத்தில் என்ன டிசைன் என்று நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியைச் சண்டை துடைத்துவிட்டிருந்தது. சனமெல்லாம் மல்லாவிப் பக்கம் ஒதுங்கியிருந்தோம். அங்கே ஒரு கிடுகுக் கொட்டிலில் விளம்பரச் சித்திரம் என்று இரண்டு வருடப் படிப்பொன்று தொடங்கினார்கள். மின்சாரம் இல்லை, பெயின்ற் இல்லை. பெயின்ற் கொண்டுவர வவுனியாவில் ஆமி தடை போட்டிருந்தது. அதனால் விளக்குக் கரியை விளாம்பிசினில் குழைத்தால் கறுப்பு, செங்கல்லை இடித்தால் சிவப்பு, உடுப்புக்குப் போடும் நீலம்தான் நீலம். ஒரு மழை பெய்தால் கடையின் பெயர் கடைக்காரரின் தலையில் ஒழுகும். யாராவது எப்படியோ ஒரு தகரப் பேணியில் மழைக்கு அழியாத இனாமல் பெயின்ற் கொண்டுவந்துவிட்டால், மூடியைத் திறந்து வகுப்பே சுற்றி நின்று மணப்போம். இன்றைக்கும் பெயின்ற் கடையைத் தாண்டும்போது என் நடை மெதுவாகிவிடுகிறது.

பெயின்ற் இல்லாவிட்டாலும் வேலைக்குக் குறைவில்லை. இடம்பெயர்ந்து வந்த கடைகளெல்லாம் மல்லாவி வீதியில் வரிசையாக முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் பலகை வேண்டும். எங்கள் கடைசிச் சோதனையே அதுதான். ஆளுக்கொரு பலகை எழுதி, அது கடைத்தெருவில் தொங்க வேண்டும். கீழே வலது மூலையில், எழுதியவரின் தொழிற்பெயர் சின்னதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து தெருவில் நடந்து பார்ப்பார். மூலையில் பெயர் இல்லாத பலகையைக் கணக்கில் எடுக்க மாட்டார், யார் எழுதியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே நாங்கள் எழுத்தைவிடப் பெயருக்குத்தான் அதிகம் மினக்கெட்டோம். வகுப்பில் ஆமை வேகத்தில் எழுதுகிற ஒருவன் தனக்கு 'மின்னல் ஆர்ட்ஸ்' என்று வைத்துக்கொண்டான். நான் 'கறுப்பையா ஆர்ட்ஸ்' என்று வைத்தேன்.

கறுப்பையா என் அப்பா. எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு, அம்மாவையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவர். உருத்திரபுரத்தில் மற்றவர்களுடைய வயலில் வரம்பும் வாய்க்காலும் வெட்டி எங்களை வளர்த்தவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கறுப்பையா, மூக்காயி, பெருமாள் என்று ஒரு பெயரைக் கேட்டவுடனேயே எங்கள் பக்கத்தில் இது தேயிலைத் தோட்டத்துக் கூலி வழி ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உட்காரக் கதிரை தர மாட்டார்கள். நின்றபடியே பேசி அனுப்புவார்கள். படிப்பித்த மாஸ்டர்கூட, தொழிலுக்கு எடுப்பான பெயராக இருந்தால் நல்லது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கும் விருப்பமில்லை. மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"என் பேர எதுக்கு புள்ள போடுற? நல்ல பேரா பாத்து வையி."

இதுதான் நல்ல பெயர் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம். இந்த ஊருக்கு வாய்க்கால் வெட்டிய மனிதருக்குத் தன் பெயரைச் சொல்லக் கூச்சம் வரும்படி யார் பழக்கினார்கள்?

எனக்குக் கிடைத்தது ஒரு புடவைக் கடை. முதலாளி உருத்திரபுரத்துக்காரர். குளத்தைக் கட்டிக் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கமம் செய்த குடும்பம். எங்கிருந்தோ ஒரு பேணி அசல் சிவப்பு இனாமல் எடுத்துத் தந்தார். எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தை அடித்து நிமிர்த்தி, கடைக்குப் பின்னாலிருந்த பாலை மரத்தின் கீழ் வைத்து எழுதினேன். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். அச்சடித்த மாதிரிக் கிடக்கிறது என்று அவர் வாய்விட்டுப் புகழ்ந்தார். நல்ல நேரம் பார்த்துப் பலகை ஏறியது. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் மூலையைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உந்தக் கறுப்பையா?"

"என்ர அப்பா."

"எவடம்?"

எவடம் என்றால் எந்த இடம் என்றுதான் அர்த்தம். ஆனால் அவர் வழி கேட்கவில்லை. உருத்திரபுரத்தில் மலையகச் சனம் இருந்த எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னேன். கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "உந்தப் பேரை அழிச்சுப்போட்டு வேற பேர் ஒண்டு போடுங்கோ பிள்ளை. நாலு பேர் வந்து போற இடம்" என்றார். எவ்வளவு பணிவு பாருங்கள். அந்தப் 'போடுங்கோ'வை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல் கூசுகிறது. பேணியில் மிச்சமிருந்த பெயின்றை அவருடைய வெள்ளை வேட்டியில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. சோதனை இருக்கிறது, மாற்ற முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் கடைக்குள் போய்விட்டார்.

சில நாள் கழித்து அப்பா யாருக்கும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நல்லா எழுதியிருக்க புள்ள. என் பேரு பளிச்சுன்னு தெரியுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவளுடைய கழுத்தை அறுத்தேன்.

சோதனையன்று காலையில் வகுப்பாகக் கடைத்தெருவுக்குப் போனோம். என் பலகையின் வலது மூலையில் வேரோடு பிடுங்கிய பெரிய கற்றாழை ஒன்று தும்புக்கயிற்றில் தலைகீழாகத் தொங்கியது. கண்ணூறு படாமலிருக்கக் கற்றாழை கட்டுவது எல்லாக் கடையிலும் உள்ளதுதான். ஆனால் வாசலுக்கு நடுவில்தானே கட்டுவார்கள்? இது என் அப்பாவின் பெயரை அளந்து கட்டியது போல, ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் தொங்கியது. எப்போது கட்டினது என்று எதிரில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த அக்காவிடம் கேட்டேன். பலகை ஏறின அடுத்த நாளே கட்டினது என்றார்.

அப்படியானால் அப்பா பார்த்தது கற்றாழையைத்தான். அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்து, அந்தக் கற்றாழையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

முதலாளி உட்காரும் வாங்கையே இழுத்துப் போட்டு ஏறினேன். பென்சில் சீவும் பிளேட்டால் கயிற்றை அறுத்தேன். கற்றாழை வாசற்படியில் விழுந்து சிதறியது. முதலாளி வெளியே வந்தார். 'ங்கோ' எல்லாம் போய்விட்டது.

"தோட்டக்காட்டுப் புத்தியைக் காட்டிப்போட்டாய் என்ன?"

"ஓம். அந்தப் புத்திதான் உங்கட கடைக்குப் பேர் எழுதினது."

சோதனைக்கு வந்தவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் பலகையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். நான் சித்தியடைந்தேன். வீட்டுக்கு வந்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். "கத்தாழைக்குப் பின்னால இருக்கத்தானே செஞ்சிச்சு" என்றார். அந்தப் பதிலுக்கு நான் என்ன செய்ய? அவர்மேலும் கோபப்பட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் கிடந்தேன்.

படிப்பு முடிந்து சான்றிதழ் வருவதற்குள் எனக்கும் ஊரில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது: கத்தாழை வெட்டின பெட்டை. ஒரு கடையின் கண்ணூறுக் காப்பை அறுத்தவளை எந்த முதலாளி கூப்பிடுவான்? மின்னல் ஆர்ட்ஸுக்கு வேலை குவிந்தது. நான் சுகாதாரப் பகுதிக்குக் 'கொதித்தாறிய நீரைக் குடிப்போம்' எழுதினேன். முகாம்களில் மலசலகூடக் கதவுகளில் ஆண், பெண் என்று எழுதியதும் பெரும்பாலும் நான்தான். அவற்றின் மூலையில் அப்பாவின் பெயரைப் போட எனக்கே மனம் வரவில்லை.

பிறகு சமாதானம் என்றார்கள். சனம் திரும்பிப் போனது, மல்லாவிக் கடைத்தெரு ஓய்ந்தது. ஒருநாள் பஸ்ஸில் கிளிநொச்சியைத் தாண்டும்போது அதே பலகையைக் கண்டேன். அதே சிவப்பு, ஒரு எழுத்தும் மங்கவில்லை. அவ்வளவு தூரம் சாமான் கட்டி ஏற்றிய மனிதர் அதையும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார். வலது மூலையை மட்டும் தகரக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார். என் எழுத்து வேண்டும், என் அப்பன் வேண்டாம். இறங்கிச் சண்டை பிடிக்க வேண்டும் என்று எழும்புவதற்குள் பஸ் கடையைத் தாண்டிவிட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று என்னென்ன கேட்க வேண்டுமோ அத்தனையையும் மனதில் சேர்த்து வைத்தேன்.

அந்த நாள் வரவில்லை. கடைசிச் சண்டையில் கடையும் போயிற்று, பலகையும் போயிற்று. முதலாளி முல்லைத்தீவுக் கடற்கரையில் ஷெல் பட்டுச் செத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே கடற்கரையில்தான் அப்பாவும் செத்தார். பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே அவசரமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடினோம். இப்போது போய்ப் பார்த்தால் எது எந்த மண் என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பெயர்ப் பலகை இல்லை. எழுத நான் இருக்கிறேன். எந்த இடத்தில் நடுவது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.