அம்மா சொல்ல வேண்டியிருந்த பெயர்

"அம்மாவுக்குக் கல்யாணம்" என்று சொன்னபோது, வேலையிடத்தில் என் பக்கத்து மேசைக்காரி நான் வாய் தடுமாறிவிட்டேன் என்றே நினைத்தாள். தடுமாறவில்லை. அறுபத்து மூன்று வயதில் என் அம்மாவுக்குத்தான் கல்யாணம்! சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு காதுவரை போனது.

மாப்பிள்ளை, சிட்னியில் பரமட்டா நூலகத்து ஆங்கில வகுப்பில் அம்மாவின் பக்கத்துக் கதிரைக்காரர். அவரும் யாழ்ப்பாணம்தான், மனைவியை இழந்தவர். அப்பா போயும் பதினைந்து வருஷமாகிவிட்டது. நான் அங்கிள் என்று கூப்பிடும் அவர் கத்தோலிக்கர், அம்மா வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். யாரும் யாருக்காகவும் மாற வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. அரசு அனுமதியோடு திருமணம் நடத்திவைக்கிற செலிப்ரன்ட் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை நான் பிடுங்கிக்கொண்டேன்.

முதலாமவர் வீடியோ அழைப்பில் அரை மணி நேரம் தன்னைப் பற்றியே பேசினார். இரண்டாமவர் அம்மாவின் வயதைக் கேட்டதும், பச்சைக் குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சினார். பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

மூன்றாமவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அங்கிளிடமும் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"கல்யாணம் உங்களுக்கா, அம்மாவுக்கா?" என்று சிரித்தார். "ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசணும். மனசார சம்மதமான்னு நான் கேட்டுத் தெரிஞ்சிக்கணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

என் வீட்டில் என்னையே வெளியே போகச் சொல்கிறார்! கோபம் மூக்கு நுனிவரை வந்தது. ஆனால் குசினிக்குள் போய் அடுப்போரம் நின்ற மறுநிமிஷமே இவர்தான் சரியான ஆள் என்று புரிந்துவிட்டது.

ஒரு மாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டிய படிவத்தைக் கொடுத்தோம். அப்பாவின் மரணச் சான்றிதழையும் அங்கிளின் மனைவியுடையதையும் காட்டினோம். ஒத்திகை நாள்வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது.

மணமக்கள் சாட்சிகள் முன்னால் தம் வாயாலேயே சொல்ல வேண்டிய உறுதிமொழி ஒன்று உண்டு. அதைத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. அம்மா அழகாகத் தொடங்கி, தன் பெயரைச் சொல்லி, சற்று நின்றாள். பிறகு, "இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்" என்று முடித்துவிட்டாள்.

"அவங்க பேரைச் சொல்லணும், ஆன்டி" என்றார் செலிப்ரன்ட்.

"ஆள் பக்கத்திலைதானே நிக்கிறார். பேர் என்னத்துக்கு?"

"யாரைக் கட்டிக்கிறீங்கன்னு பேர் சொல்லணும். இல்லேன்னா என்னால கல்யாணத்தை நடத்தி வைக்க முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லாத ஆள் அம்மா. அப்பாவைக் கடைசிவரை "இஞ்சருங்கோ" என்றே கூப்பிட்டவள். ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரைக் கேட்டால் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள்; நான்தான் சொல்வேன்.

"அம்மா, ஒரே ஒருக்கா! ஒரு பேரைச் சொல்ல உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கத்தினேன். கெஞ்சியும் பார்த்தேன். அம்மா மசியவில்லை. அங்கிள் மட்டும், "விடு பிள்ளை, அவ சொல்லுவா" என்றார். அவருடைய நிதானம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை, ராகுகாலம் கழிந்து பதினொரு மணி. எங்கள் வீட்டுப் பின்வளவில் முப்பது பேர். மாம்பழ நிறச் சேலையில் அம்மா அப்படி ஒரு வடிவு! அங்கிள் அம்மாவின் முழுப்பெயரையும் சொல்லித் தன் உறுதிமொழியை முடித்தார். அடுத்தது அம்மா. அம்மா தன் பெயரைச் சொன்னாள். நின்றாள். பிறகு, தெளிவாக, அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செலிப்ரன்ட் மைக்கை மெல்லக் கீழே இறக்கினார்.

"நான் மாறிச் சொல்லேல்லை" என்றாள் அம்மா, அங்கிளைப் பார்த்து. "அந்த மனுசனுக்கு ஒருநாளும் சொல்லாத நான், உங்களுக்கு மட்டும் எப்பிடிச் சொல்லுறது? முதல் அவருக்குச் சொல்லிப்போட்டன்."

அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓம். அதுதான் முறை. இப்ப எனக்குச் சொல்லும்."

"முதல்லேருந்து சொல்லுங்க, ஆன்டி" என்றார் செலிப்ரன்ட். "அவசரமே இல்ல."

அம்மா மறுபடி தொடங்கினாள். அங்கிளின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள், யாரோ விசிலும் அடித்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அழுகையில் எனக்குப் பேனை பிடிபடவில்லை. முப்பத்தாறு வயதில், அப்பாவின் பெயரை அம்மாவின் வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருந்தேன்.