பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தவன்

படத்தின் முடிவை விளக்குவதில் நான் கெட்டிக்காரன் என்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான்.

அண்ணி இறந்துபோன பிறகு அண்ணன் அடுத்த தெருவில் தறியும் தானுமாகத் தனியாக இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். அடுப்பு பற்றவைத்த வாசனையே இருக்காது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். நல்ல படம் இருக்கிறது, வாங்க என்றேன். வந்தார். என்ன படம் என்று நான் பார்த்துவைக்கவில்லை. தனியாகக் கிடக்கிற மனுஷனைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்து நான் போட்டது, தனியாகக் கிடக்கிற மனுஷனைப் பற்றிய படம்.

பனிமலையில் ஒரு கிழவன். இரண்டு மணி நேரம் விறகு வெட்டுகிறான், பழைய ரேடியோப் பெட்டியில் யாரையோ கூப்பிடுகிறான். பதில் இல்லை. கடைசியில் ஏதோ குரல் கேட்ட மாதிரி இருக்கிறது. வாசலுக்கு வந்து, நீளப் பலகையின் ஓரத்தில் உட்காருகிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோதுதான் எனக்கு விளக்கம் நன்றாக வரும். குரலாவது ஒன்றாவது, தனியாகவே இருந்து புத்தி பேதலித்துவிட்டது, உட்கார்ந்த இடத்திலேயே ஆள் காலி என்றேன். என் மனைவி பார்த்த பார்வையில்தான், யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

அண்ணன் கோபப்படவில்லை. "தனியா இருக்கிறவன் நடுப்பலகையில உக்காருவாம்பா. இவன் வலப்பக்கம் இடம் வுட்டுக்கினு இல்ல உக்காந்தான்? ஆள் வருது."

கரையைத் தனியாகக் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு அப்படித்தான். நெய்கிறவருக்கு வலப்பக்கம் அதே பலகையில் உட்கார்ந்து, கரைக்கு இழை ஓட்டும் நாடாவைப் போட இன்னொருவர் வேண்டும். அண்ணன் தறியில் அந்த இடம் அண்ணியுடையது. பனிமலைக்காரன் கோர்வையை எங்கே கண்டான் என்று கேட்க வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

ஆள் வருகிறது என்று உடனே கட்சி மாறினேன். எதில் வருவார்கள் என்று மனைவி கேட்டாள். ஹெலிகாப்டரில் என்றேன். படத்தில் ஹெலிகாப்டரே இல்லையே என்றார் அண்ணன்.

"நீ சரியா பாக்கல. முதல்லேர்ந்து போடு."

மறுபடியும் விறகு. நடுவில் மனைவி பேசாமல் அவர் முன்னால் தட்டை வைத்தாள். வாணாம்மா என்று வாய் சொல்லிற்று. கண் படத்திலேயே இருந்தது, கை சோற்றைப் பிசைய ஆரம்பித்தது. கத்திரிக்காய்க் குழம்பு இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் இருவரும் அவரைப் பார்க்காத மாதிரி கிழவனையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசிக் காட்சி வந்தது. "இப்ப பாத்தா வராத மாதிரியும் இருக்குது. நீ இன்னா சொல்றே?" என்றார்.

எதைச் சொன்னால் நாளைக்கும் வருவார்? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

"எனக்குப் புரியலண்ணா."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன். அண்ணன் கைகழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்து வை, வந்து கேட்கிறேன் என்று போய்விட்டார்.

ஞாயிறு வரும். நடுவில் இருக்கிற ஆறு நாளும் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? மனைவி கேட்கிறாள். அந்த முடிவும் எனக்கு விளங்கவில்லை.