கோத்தா திங்கிக்குப் போன கிராப்பு

என் அக்காவை ஜப்பான் பட்டாளத்தில் சேர்க்கப்போகிறார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள், எட்டு வயதில் என்னிடம் அதற்குச் சாட்சியங்கள் இருந்தன. தெப்ராவ் ரப்பர் தோட்டத்து லய வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அவள் பின்னலைக் கத்தரித்தாள். தேங்காய் எண்ணெய் மணக்கத் தரையில் கிடந்த முடியை அப்பா சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார். பிறகு தன் காக்கிச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு, "நெஞ்ச நிமித்தாத, கூனிக்கிட்டு நட" என்று பழக்கினார். கூன் போட்ட சிப்பாயை எந்த ஊர்ப் பட்டாளம் சேர்க்கும் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை.

"இனிமே அவள அண்ணேன்னுதான் கூப்பிடணும். வாய் தவறிச்சு, தொலைச்சிருவேன்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை கரிப்புகை கக்கும் லாரியில் நால்வரும் கோத்தா திங்கிக்குக் கிளம்பினோம். "பழைய சுல்தான்மாருங்க கல்லறையெல்லாம் பாக்கலாம்டா" என்று அப்பா ஆசைகாட்டியதே எனக்குச் சந்தேகம். மரவள்ளிக்கிழங்குக்கே வழியில்லாத நாளில் கல்லறை பார்க்க யார் போவார்கள்?

ஊர் எல்லையில் ஜப்பான்காரர்களின் காவல் சாவடி. எல்லோரும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். சிப்பாய் அக்காவின் முன்னால் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்த்தான். ஆள் எடுக்கிறான், கதை முடிந்தது என்று பதறி, "அபாங் சாக்கிட்! அபாங் சாக்கிட்!" என்று அலறினேன், அண்ணனுக்கு நோய் என்று எனக்குத் தெரிந்த மலாயில். அந்த நொடியே அக்கா நெஞ்சு பிளக்க இருமினாள். அவனுக்கு மலாய் தெரியுமோ என்னவோ, இருமல் புரிந்துவிட்டது. இரண்டடி பின்வாங்கிப் போகச் சொல்லிக் கையசைத்தான்.

லாரி நகர்ந்ததும், "எனக்கு நோயாடா, கொரங்கே?" என்று அக்கா என் காதைத் திருகினாள். என் கால்சட்டை நனைந்திருந்தது.

ஆற்றங்கரைக் கடைவரிசைக்குப் பின்னாலிருந்த கோயிலில் மாப்பிள்ளை ஒருவர் மஞ்சள் கயிற்றோடு காத்திருந்தார். கல்யாணமான பெண்களைச் சிப்பாய்கள் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அப்போதெல்லாம் அவசர அவசரமாக நடந்த கல்யாணங்களில் அதுவும் ஒன்று. கிராப்புத் தலையில் பூ நிற்கவில்லை. அம்மா அதை நூலால் காதோடு சேர்த்துக் கட்டினாள்.

போன மாதம் அக்காவோடு அங்கே போனேன். சாவடி நின்ற இடம் தெரியவில்லை, அந்தக் கடைவரிசையும் இல்லை. கல்லறைகள் இருக்கின்றன. கல்யாணத்தன்று அவற்றைப் பார்க்க நேரமில்லை. "இன்னொரு நாள் கூட்டியாறேன்" என்றார் அப்பா.

அந்தக் கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே ஜப்பான்காரர்கள் தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர் அப்பா. திரும்பி வரவில்லை.