பேசாத கத்தி

என் மேசை இழுப்பறையில் ஒரு மட்டமான மடக்குக்கத்தி கிடக்கிறது. கிளிஞ்சல் போல மினுக்கும் வெள்ளைப் பிடி, பிடியில் ஒரு ரோஜாப்பூ, முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் அலகு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ அபூர்வப் பொருள் என்று கையில் எடுத்துப் பார்ப்பார்கள். "அந்தக் காலத்துச் சாமான்னா சாமான்தான்" என்று போன மாதம் ஒருவர் தலையை ஆட்டியபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது அந்தக் காலத்திலேயே குப்பை. விற்றவன் நான், எனக்குத் தெரியாதா? என் வலது ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் இருக்கும் தழும்பு இந்தக் கத்தி போட்டதுதான். நல்ல கத்திகள் எத்தனையோ என் கைக்கு வந்து போய்விட்டன. இந்த ஒன்றை மட்டும் நான் எவருக்கும் கொடுக்கவில்லை, எறியவும் இல்லை. அதற்கு ஒரு தோட்டத்து அம்மா காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. ராசிபுரத்தில் வீடு. சொந்தமாக ஒரு வண்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன. சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் சீப்பு, கண்ணாடி, பொத்தான், ஊசி, மடக்குக்கத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு நாமக்கல் வரைக்கும் சந்தை சந்தையாகப் போவேன். அப்போது கப்பலில் வந்து குவிந்த மலிவுச் சாமான்களுக்குக் கணக்கே இல்லை. பாதி ஜப்பானிலிருந்து வந்தது, மீதி எங்கிருந்து வந்தது என்று மொத்தக் கடைக்காரருக்கே தெரியாது. நான் எல்லாவற்றையும் "சீமைக் கத்தி, சீமைக் கத்தி" என்றுதான் கூவுவேன். எந்தச் சீமை என்று எவரும் கேட்டதில்லை. காகிதத்தை ஒரு கையில் தொங்கவிட்டு மறு கையால் ஒரே வீச்சில் இரண்டாக்கிக் காட்டுவேன். முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவேன். கூட்டம் வாயைப் பிளக்கும். வீச்சுக் காட்டும் அந்த ஒரு கத்தியை மட்டும் தினமும் காலையில் சாணைக்கல்லில் தீட்டிவைப்பது என் வழக்கம். விற்கிற கத்தி வேறு. இதை ஏமாற்று என்று நான் அப்போது நினைக்கவில்லை, வியாபாரம் என்று நினைத்தேன். கத்தியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா ஒரு வெயில் நாளில் ராசிபுரம் சந்தையில் என் கடை முன்னால் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். வயல்காட்டு வேலையில் கறுத்த கை, இடுப்பில் ஒரு சுருக்குப்பை. நாமக்கல் போகும் பாதையில் கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. "சுருக்குப் பையில போட்டுக்கற மாதிரி ஒரு கத்தி வேணுமுங்க" என்றார். நான் வழக்கம்போல் வெள்ளைப் பிடி போட்ட ரோஜாப்பூக் கத்தியை நீட்டிக் காகிதத்தை எடுத்தேன். "காயிதம் கெடக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியை வாங்கினார். அலகின் கூர்மையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் அலகைத் திறந்தார், காதருகே கொண்டுபோனார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். பிறகு கீழே வைத்துவிட்டு, "இது ஊமைங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். அம்மா அதைச் சட்டை செய்யவே இல்லை. அடுத்த கத்தியை எடுத்தார். அதையும் காதில் வைத்துக் கேட்டார். ஊமை. அதற்கடுத்தது ஊமை. இப்படி விரிப்பில் இருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்க அரைப் பொழுது ஆயிற்று. கூச்சலும் புழுதியுமான சந்தைக்கு நடுவில், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு கத்திகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் அதுவும் வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் என் காதும் என்னை அறியாமல் கூர்மையாயிற்று.

கடைசியில் பெட்டியின் அடியில் நான் கழித்துப் போட்டிருந்த ஒன்றை அவரே துழாவி எடுத்தார். கறுப்பு எலும்புப் பிடி, மங்கலான அலகு, முத்திரை பாதி தேய்ந்திருந்தது. விற்காது என்று ஒதுக்கிய கத்தி அது. திறந்தார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கெட்டியான, சின்னச் சத்தம். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "இது பேசுதுங்க" என்றார்.

"என்னம்மா பேசுது? சாப்புட்டாச்சான்னு கேக்குதுங்களா?" என்று நான் கேலி செய்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இல்லீங்க" என்றார் அவர், சிரிக்காமல். "நிக்கறேங்குது."

அதோடு விடவில்லை. சூரியனுக்கு நேரே பிடித்து அலகுக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். நுனியைப் பலகையில் ஊன்றி, உள்ளங்கையால் பிடியை ஒரு அழுத்து அழுத்தினார். பக்கத்தில் எலுமிச்சை விற்றவளிடம் ஒரு காய் வாங்கி வெட்டினார். சாற்றைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, எலுமிச்சைக்காரியோடு ஊர் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அலகில் நீலமும் கறுப்புமாகக் கறை படர்ந்தது. "பாத்தீங்களா, கெட்டுப் போச்சு. வெள்ளப் பிடிய எடுத்துக்கங்க, அது கறுக்கவே கறுக்காது" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "கறுக்கறதுதானுங்க இரும்பு. மினுக்கறதெல்லாம் பூச்சுங்க" என்று சொல்லிக் காசை எண்ணி வைத்துவிட்டு அந்தக் கத்தியைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தொலைந்தது ஒரு கழிசல் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு இதை நான் ஒரு கதையாகவே ஆக்கிவிட்டேன். போகிற சந்தையிலெல்லாம் கத்தியைக் காதில் வைத்து, கண்ணைச் செருகி, "ஊமைங்க" என்று நடித்துக் காட்டுவேன். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்த கையோடு வெள்ளைப் பிடிக் கத்தி நாலைந்து விற்றுப்போகும். அந்த வருஷம் அந்த அம்மாவைக் கேலி செய்தே நான் நன்றாகப் பிழைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் நாமக்கல் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு வேப்பமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கண்ணசந்தேன். விழித்துப் பார்த்தால் என் மயிலைக் காளை பக்கத்துத் தோட்டத்தில் நிற்கிறது. மழைக்குத் தளதளவென்று வளர்ந்திருந்த தட்டைப்பயறுக் கொடியை ஒரு பாத்தி முழுக்க மேய்ந்திருந்தது. ஓட்டிக்கொண்டு வருவதற்குள் அதற்கு இடப்பக்க வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகெலும்பு மட்டத்துக்கு ஏறியது. காளை காலை அகட்டி நின்று, நாக்கை நீட்டி, மூச்சுக்குத் தவித்தது. பிறகு முன்னங்காலை மடித்துச் சரிந்தது. அந்தக் காளை போனால் எனக்கு வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் சந்தை இல்லை. அதைவிட, நான் தூங்கிப்போனாலும் வண்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் ஜீவன் அது. அது என்னையே பார்த்துக்கொண்டு சாவதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த மாதிரி மாட்டுக்கு விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பசிக்குழியில் குத்திக் காற்றை இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தேன். நாற்பது கத்திகள் இருந்தன. மேலே இருந்த வெள்ளைப் பிடிக் கத்தியை எடுத்து, சாமியை நினைத்துக்கொண்டு ஓங்கிக் குத்தினேன். நுனி தோலில் அரை விரற்கடை கூட இறங்கவில்லை. அலகு அப்படியே மடங்கி என் விரல்மேல் மூடிக்கொண்டது. எலும்பு தெரிந்தது. காலையில் தீட்டிவைத்த வீச்சுக் கத்தியை எடுத்தேன். ரத்தத்தில் கை வழுக்கியது, அதுவும் மடங்கியது. ஒரு பெட்டி நிறையக் கத்தி வைத்துக்கொண்டு, ஒரு மாட்டைக் குத்த எனக்கு ஒரு கத்தி இல்லை. நான் உட்கார்ந்து அழுதேன்.

"ஆரு மாடுங்க அது, பயிரையெல்லாம் தின்னுபோட்டு..." என்று கத்திக்கொண்டே ஒருவர் வரப்பில் ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மாதான். மாட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "மொதல்ல மாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டியிட்டார். வயிற்றை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இடுப்பெலும்பிலிருந்து விலா வரைக்கும் சாண் போட்டு நடுவில் ஒரு விரலை ஊன்றினார். மறு கை சுருக்குப்பைக்குள் போயிற்று. 'டக்' என்று சத்தம் கேட்டது. அத்தனை பதற்றத்திலும் அந்தச் சத்தம் எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் கழித்துப் போட்ட கத்தி.

ஒரே குத்து. கத்தி பிடிவரை இறங்கியது. அலகு அசையவில்லை, மடங்கவில்லை. நின்றது. உள்ளேயிருந்து காற்று சீறிக்கொண்டு வந்து நாற்றம் குப்பென்று அடித்தது. வேலியோரத்து ஆமணக்கு இலையின் காம்பைக் கிள்ளிவரச் சொன்னார். உள்ளே குழலாக இருக்கும் அந்தக் காம்பைக் காயத்தில் செருகிவிட்டுக் கத்தியை மெல்ல உருவினார். வயிறு இறங்கிக்கொண்டே வந்தது. காளை ஒரு நீண்ட மூச்சு விட்டது. கண்ணில் பார்வை திரும்பியது. ஒரு நாழிகையில் அது எழுந்து நின்றபோது நான் அந்த அம்மாவின் காலில் விழப்போனேன். அவர் ஒதுங்கிக்கொண்டு, காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டுவதற்குத் துணி தேடினார். நான் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த மரத்தடியில் எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு வேறு எவரிடமும் ஏற்பட்டதில்லை. சந்தையில் அரைப் பொழுது உட்கார்ந்து அவர் கேட்டது இந்த ஒரு நிமிஷத்துக்காக. அது யார் மாட்டுக்கு வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாட்டுக்குப் பிறகுதான் என் விரல். முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். பெட்டியில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புழுதியில் கிடந்த வெள்ளைப் பிடிக் கத்தியை எடுத்து, வழக்கம்போல் காதருகே திறந்து மூடினார்.

"இதைய வெச்சா குத்துனீங்க?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் ரோஜாப்பூவில் ஒட்டியிருந்த புழுதியைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு கேட்டார்:

"இதே மாதிரி வேற ஆருக்கெல்லாம் குடுத்தீங்க, சாமி?"

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அக்கம்பக்கத்தில் எவரிடமாவது போய்ச் சொல்லி எச்சரித்துவிட்டு வரலாம் என்று நிஜமாகவே கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கத்தியை என் கையில் வைத்துவிட்டு, "பயிரு போனாப் போகுதுங்க, மாட்டுக்கு இன்னிக்குத் தண்ணி மட்டும் காட்டுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த சந்தையில் கட்டுப்போட்ட விரலோடு நின்று, வெள்ளைப் பிடிக் கத்தி வாங்கினவர்களெல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள், வேறு தருகிறேன் என்று தொண்டை வற்றக் கூவினேன். ஜனங்கள் சிரித்தார்கள். இது புது மாதிரி வியாபாரத் தந்திரம் என்று நினைத்தார்கள். என்னிடம் அவர்கள் கற்றுக்கொண்டது அதுதானே. மூன்றே பேர் கொண்டுவந்தார்கள். அதன்பின் செவ்வாய்ப்பேட்டையில் நான் ஒவ்வொரு கத்தியையும் காதில் வைத்துக் கேட்டுத்தான் எடுத்தேன். மொத்தக் கடையில் எனக்குப் பைத்தியம் என்று பேர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இப்போது இழுப்பறையைத் திறந்து அந்தக் கத்தியை எடுத்து வைத்திருக்கிறேன். பூச்சு இன்னும் மினுக்குகிறது. இதே போன்றதை என்னிடம் வாங்கிப்போன முகங்கள் ஞாபகம் வருகின்றன. ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர், மாப்பிள்ளைக்கென்று வாங்கிய ஒரு தாய், கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பெண், மாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். எவர் கையில் அது மடங்கிற்று, எவர் மாடு எழுந்திருக்காமல் போயிற்று என்பது எனக்குத் தெரியாது. காதருகே வைத்துத் திறந்து பார்க்கிறேன், மூடிப் பார்க்கிறேன். அது ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான் அன்று அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.